கல்லுக்குக் கீழே கிடந்த நீலச் சேட்டு

“அவன் ஆளைக் கடிக்கிறவன், ஆச்சி. முதல் அதை யோசியுங்கோ” என்றாள் ஜொய்சி.

“கடிச்சது என்னை. உன்னையில்லை. கடிபட்ட நானே சும்மா இருக்கிறன், நீ ஏன் பிள்ளை துள்ளுறாய்?” என்றேன்.

கோயில் மண்டபத்தில் இருந்த சனம் சிரித்தது. ஜொய்சி சிரிக்கவில்லை. மீனவர் சங்கத் தலைவர் மரியநாயகமும் சிரிக்கவில்லை. திருநாள் கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்கு முன்னர் என் தம்பி வின்சன்றைப் பிடித்துக் கட்டி வான் வண்டியில் ஏற்றி, பட்டணத்துக்கு அப்பால் எங்கோ பூட்டி வைக்கிற இடத்துக்கு அனுப்புவதென்றுதான் அந்தக் கூட்டம். அப்படிப் போனவர் ஒருவர் திரும்பி வந்ததை எங்கள் ஊர் நாரந்தனையில் நான் கண்டதில்லை.

“அப்ப என்ர கிடாயைக் கிழிச்சது ஆர், அக்கா? காத்தோ?” என்று மரியநாயகம் கேட்டார்.

“கிழிச்சதை நீர் கண்டனீரோ?”

“நான் காணேல்லை. ஆனா நாயளோடதானே திரியிறான். பொழுதுபட்டால் நாயாவே மாறுறான் எண்டு கண்ட சனம் இருக்கு.”

“கண்டவையில ஒராளைக் கூட்டிவாரும். என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்.”

ஒருவரும் எழும்பவில்லை. கண்ட சனம் எப்போதும் அடுத்த ஊரில்தான் இருக்கும். இங்கே கேட்டால் கரம்பொனில் என்பார்கள். கரம்பொனில் போய்க் கேட்டால் நாரந்தனையில் என்பார்கள்.

ஜொய்சி விடவில்லை. “எல்லாம் அவளால வந்த வினை. நாலாம் நாளே புருசன்ர உடுப்பைத் தூக்கினவள்தானே. பிரான்சுக்குப் பறக்கிற அவசரம்” என்று கடைசி வாங்குப் பலகையைப் பார்த்துச் சொன்னாள். அங்கே வின்சன்றின் மனைவி மாக்கிறேற் முக்காட்டோடு குனிந்திருந்தாள். பிரான்சிலிருந்து வந்து பத்து நாளும் ஆகவில்லை.

அதற்கு மறுமொழி என்னிடம் இருந்தது. பதினாறு வருசம் நாக்குக்குக் கீழேயே கிடந்தது. அதைச் சொல்லும் இடம் வரும்போது சொல்லுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல எழுதுகிறவள் நிமலினி, இந்த ஜொய்சியின் மகள். தாயின் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டாள். மாற்றாதே என்று சொல்லிவிட்டேன். தாயும் தான் சொன்னதை இல்லையென்று சொல்லவில்லை.

வின்சன்ற் எனக்குப் பதினைந்து வயது இளையவன். அம்மாவுக்குப் பால் வற்றிப்போனதால் ஆட்டுப்பால் பருக்கி வளர்த்தவள் நான். பெரிய பேச்சுக்காரன் இல்லை. கரைக்கடலில் வலை கட்டி மீன் பிடிக்கிறவன். கடலுக்கு இறங்கும்போது மேல்சேட்டையும் இடுப்புச் சாரத்தையும் கழற்றி, நாலாய் மடித்து, மணலில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பான். எங்கள் கரையில் எல்லா ஆண்களும் அப்படித்தான். மற்றவர்கள் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். இவன் மட்டும், கோயில் பீடத்துத் துணியை மடிக்கிற மாதிரி மடிப்பான். மாக்கிறேற் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கலியாணத்துக்கு அவள் எடுத்துக் கொடுத்த நீல ரெற்றோன் சேட்டைக் கடலுக்குப் போகும்போதும் போட்டுக்கொண்டுதான் போவான்.

எங்கள் கரையில் ஒரு வழமை இருக்கிறது. கல்லுக்குக் கீழே கிடக்கிற உடுப்பைப் பிறத்தியார் தொடுவதில்லை. உரியவன் வந்து எடுக்கவேண்டும். அவன் வராவிட்டால், உடுப்பு அங்கே கிடக்கிற மட்டும் ஊர் வள்ளங்கள் விடிய விடியத் தேடிப் போகும். பத்து நாளென்றாலும் போகும். அவனுடைய வீட்டார் வந்து அந்த உடுப்பைத் தூக்கினால், ‘எங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போச்சுது’ என்பது அதன் பொருள். வள்ளங்கள் நின்றுவிடும். யார் தூக்கினது, ஏன் தூக்கினது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். செத்த வீட்டில் அதைக் கேட்பது மரியாதையில்லை.

பதினாறு வருசத்துக்கு முன்னர், கார்த்திகை மாதத்தில், மத்தியானம் வெளிச்சமாக இருந்த கடல் ஒரு நொடியில் கறுத்தது. வின்சன்றின் வள்ளம் திரும்பவில்லை. கல்லுக்குக் கீழே நீலச் சேட்டும் சாரமும் கிடந்தன.

மூன்று நாள் மரியநாயகமும் மற்றவர்களும் தேடினார்கள். நான் கரையிலேயே இருந்தேன். சேட்டின் ஒரு கை மட்டும் கல்லுக்கு வெளியே வந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எழும்பும், விழும். எழும்பும், விழும். ஆரோ கூப்பிடுகிற மாதிரி. மூன்று நாள் அதைப் பார்த்தேன். நாலாம் நாள் விடியமுதல், ஒருவரும் வரமுன்னர், நான் அந்தக் கல்லைப் புரட்டி உடுப்பை எடுத்தேன். நம்பிக்கை விட்டல்ல. அந்தக் கை அசைவதை இன்னொரு நாள் பார்க்க என்னால் ஏலாமல் போனது. அவ்வளவுதான் காரணம். கொண்டுபோய் மாக்கிறேற்றிடம் கொடுத்து, “ஆம்பிளையள் எடுத்துத் தந்தவங்கள்” என்று பொய் சொன்னேன்.

தேடினவர்கள் கைவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். அவள் கைவிட்டாள் என்று தேடினவர்கள் நினைத்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. வள்ளங்கள் நின்றன.

தம்பி அப்போது உயிரோடு இருந்தான். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்து மிதந்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு மணல்திட்டில் ஏறியிருந்தான். வள்ளங்கள் தேடி வருவதை மூன்று நாளும் அங்கிருந்து கண்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிட்ட வந்தன. நாலாம் நாள் வரவில்லை. ஆறாம் நாள் அக்கரை மீன்பிடிகாரர் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு எங்கெங்கே அடைபட்டான், என்ன பட்டான் என்பது முழுதாய் எனக்கு இன்றைக்கும் தெரியாது. இவ்வளவும் பின்னர் அவனே சொல்லித்தான் தெரியும்.

அப்போது எங்களுக்குத் தெரிந்தது, அவன் இல்லை என்பது மட்டும். முப்பத்தோராம் நாள், உடல் இல்லாத பெட்டிக்குள் அந்தச் சேட்டையும் சாரத்தையும் வைத்துச் சவக்காலையில் தாட்டோம். பெயர் வெட்டின சிலுவை நட்டோம். மாக்கிறேற் இரண்டு வருசம் கழித்துத் தமையனிடம் பிரான்சுக்குப் போனாள். போகும்போது வின்சன்றின் இன்னொரு பழைய சாரத்தை மடித்துப் பயணப் பெட்டிக்குள் வைத்ததை நான் கண்டேன்.

போன மாசியில் ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸில் ஒரு மனிதன் வந்து இறங்கினான். ஆரோ கொடுத்த பெரிய உடுப்பு, தோளில் நிற்கவில்லை. சவக்காலை தெருவோரம்தானே. அவன் தன்னுடைய பெயரை வாசித்தான். வாசித்துவிட்டு, போட்டிருந்த உடுப்பைக் கழற்றி, நாலாய் மடித்து, அந்தச் சிலுவையடியில் வைத்தான்.

பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்தான். இடுப்பில் ஒரு சாக்குத்துண்டு. தாடி நெஞ்சு வரைக்கும். “அக்கா” என்றான். குரல் அவனுடையதுதான்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

இதை எழுது என்று நிமலினியிடம் இரண்டு தரம் சொன்னேன். நான் தாட்டவன் என் வாசலில் நின்று கூப்பிட்டான். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். தெருவில் ஆரோ “பேய்” என்று கத்தினார்கள். முதல் கல் விழுந்த சத்தமும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. கரைப் பக்கத்துப் பனை வடலிக்குள் கிடந்தான். ஊர் நாய்கள் எல்லாம் அவனோடு சேர்ந்தன. அவன் குந்தினால் அவையும் குந்தும். பச்சை மீன் தின்றான். கை நிலத்தில் ஊன்றி ஓடினான். நான் வெட்கத்தோடு சோறு கொண்டு போனேன், சோற்றைத் தின்றான். புதுச் சாரம் கொண்டு போனேன், தொடவில்லை. மூன்றாம் முறை ஒரு சேட்டை அவன் தோளில் வலிந்து போடப் போனபோதுதான் கடித்தான். வலது கை, பெருவிரலுக்குக் கீழே. கல்லைப் புரட்டின கை அது. இடது கை கிட்டவாக இருந்தது, அதைத் தொடவில்லை.

இந்தக் கதை அத்தனையையும் மாக்கிறேற்றுக்கு ரெலிபோனில் சொன்னேன், கல்லின் கதையை மட்டும் விட்டுவிட்டு. அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் திரும்ப எடுத்தாள்.

“மச்சாள், நான் வேலை செய்யிற வீட்டு மடாம் பழைய புத்தகங்கள் படிப்பிச்ச மனுசி. அவவுக்குச் சொல்லி அழுதனான். அவ எழும்பிப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தா. எண்ணூறு வருசத்துக்கு முந்தின பிரெஞ்சுக் கதையளாம். ஓநாயா மாறுற மனுசரைப் பற்றி.”

“எனக்கென்ன ஓநாய் தெரியும்? நரி கண்டிருக்கிறன்.”

“கேளுங்கோவன். ஒரு கதையில்லை, கனக்க. எல்லாத்திலயும் அவன் நல்ல வீரன். ஓநாயா மாறினாலும் உள்ளுக்க மனுசன்ர அறிவு அப்பிடியே இருக்கும். திரும்பி மனுசனாக வேணுமெண்டால் அவன்ர சொந்த உடுப்பு வேணும். அதை ஆரோ வீட்டுக்காரர் எடுத்து ஒளிச்சுப்போடுவினம். அதால அவன் மிருகமாவே கிடப்பான். ஒருத்தரையும் கடியான், மச்சாள். உடுப்பை எடுத்த ஆளை மட்டும்தான் கடிப்பான்.”

கட்டுப்போட்ட கையால்தான் ரெலிபோனைப் பிடித்திருந்தேன். கடல் கடந்து, எண்ணூறு வருசம் கடந்து, ஆரோ ஒரு மனிதன் புத்தகத்தில் எழுதி வைத்தது என் பெருவிரலுக்குக் கீழே வந்து நின்றது. அதே கிழமை ஞாயிறு, பூசையில் நற்கருணையைத் தூக்கும் நடு மணி அடித்தபோது யன்னலால் பார்த்தேன். கோயில் மதிலுக்கு வெளியே வின்சன்ற் முழங்காலில் நின்றான், நெற்றி மண்ணில் பட. பதினொரு நாய்கள் அவனைச் சுற்றிச் சத்தமில்லாமல் படுத்திருந்தன. மணி ஓய்ந்த பிறகுதான் எல்லாம் எழும்பின. கோயிலுக்குள் நாங்கள் ஒருவரும் அவ்வளவு தாழக் குனியவில்லை.

மாக்கிறேற் வந்து இறங்கின பிறகு, என் குசினியில் இருந்து மிச்சத்தையும் சொன்னாள். அந்தக் கதைகளை எழுதினவர்கள் ஓநாயைப் பற்றி எழுதவில்லையாம். சண்டைக்குப் போய்த் திரும்பி வந்து, வீட்டு மேசையில் மற்றவர்களோடு இருந்து சாப்பிட ஏலாமல் போன ஆண்களைப் பற்றித்தானாம். நேரே எழுதினால் பிரபுக்களுக்குக் கோபம் வரும். அதனால் ஓநாய்த் தோலுக்குள் வைத்துத் தைத்தார்களாம். அந்தக் காலத்துக் குருமாரும் அதைப் பற்றி வாதாடினார்களாம்: தோல் எதுவானாலும் உள்ளே ஆண்டவர் படைத்த சாயல் அழியாது என்று.

“உடுப்பெண்டு சொல்லுறது துணியில்லையாம், மச்சாள். இவன் இன்னான் எண்டு மற்றச் சனம் ஒத்துக்கொள்ளுறதாம்.”

“மடாம் படிச்ச மனுசி. ஆனா அது துணியும்தான்” என்றேன். இதில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ரெற்றோனின் வழவழப்பைக் கையால் தொட்டவள் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். “அப்ப கிண்டி எடுப்பம்” என்றாள். அன்றைக்கே பங்குச் சுவாமியிடம் போய்க் குழியைக் கிண்டக் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஊர் சம்மதிக்கட்டும் என்றார். அந்தக் கதைதான் காது மூக்கு வைத்து ஊருக்குள் பரவியது. நாய்க்கு வாழ்க்கைப்பட்டவள் சவக்காலையைத் தோண்டப் போகிறாள் என்று குழாயடியில் சிரித்தார்கள். அதோடு மரியநாயகத்தின் கிடாயும் செத்துக் கிடக்க, கூட்டம் கூடியது.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். ஜொய்சி, “நாலாம் நாளே உடுப்பைத் தூக்கினவள்” என்று சொன்ன இடத்தில் விட்டேனல்லவா.

நான் எழும்பினேன்.

“தூக்கினது மாக்கிறேற்றில்லை. நான்.”

மரியநாயகத்தின் பக்கம் திரும்பினேன்.

“மரியநாயகம், நீரும் மற்றவையும் அண்டைக்கும் போகத்தான் இருந்தனீங்கள். விடியமுதல் கல்லைப் புரட்டினது நான். இவளுக்குப் பொய் சொல்லிக் குடுத்தது நான். அவன் வந்து கூப்பிடக் கதவைப் பூட்டினதும் நான். அவன் கடிச்சது சரியான ஆளைத்தான்.” கையைத் தூக்கிக் காட்டினேன். “இதைப் பார்த்து அவனுக்கு விசர் எண்டு சொல்லாதையுங்கோ. அவனுக்கு எல்லாம் விளங்குது. வான் பிடிக்கிறதெண்டால் எனக்குப் பிடியுங்கோ.”

மாக்கிறேற் முக்காட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை சுமக்கவேண்டும். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

மரியநாயகம் தலையிலடித்துக்கொண்டார். “நாலாம் நாள் வடக்கால போறதுக்கு எண்ணெய் எல்லாம் ஊத்தி வைச்சனாங்கள், அக்கா. கல்லுக்குக் கீழ ஒண்டுமில்லை எண்டதும் திரும்பினனாங்கள். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” கதிரையை விட்டு எழும்பி, “வான் வேண்டாம். குழியைக் கிண்டுவம்” என்றார். கிடாயைப் பற்றி அதன்பின் அவர் கதைக்கவேயில்லை.

அடுத்த நாள் காலை சுவாமி வந்தார்; அரசாங்கத் தரப்பில் விதானையாரும் வந்து நின்றார். மரியநாயகமே மண்வெட்டி பிடித்தார். பெட்டிப் பலகை கையோடு தூளாய் வந்தது. சாரம் இருந்த இடத்தில் கறுத்த நார்தான் மிச்சம். ஆனால் சேட்டு கிடந்தது. ஐயோ, என்னவென்று சொல்ல. மண் படிந்து, வைத்த மடிப்புக் குலையாமல், நீலமாகக் கிடந்தது. ரெற்றோன் பருத்தியைப் போல மண்ணுக்குள் உக்காது என்று விதானையார் விளக்கம் சொன்னார். சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்ததெல்லாம், சாவுக்குக் கொடுத்த ஒன்றைச் சாவு திருப்பித் தந்தது என்பதுதான். சுற்றி நின்றவர்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். ஜொய்சியும் போட்டாள்.

மாக்கிறேற் அதை நல்ல தண்ணீரில் மூன்று தரம் தோய்த்து, வெயிலில் போட்டு, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாள். தான் பிரான்சுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த சாரத்தையும் எடுத்தாள். இரண்டையும் நாலாய் மடித்து, கரையோரம் பூட்டிக்கிடந்த தங்கள் வீட்டைத் திறந்து, அறைக்குள் கதிரையில் வைத்தாள். மேலே ஒரு கல். கடற்கரையில் கிடந்த அதே கல்லை நான்தான் சுமந்துகொண்டு வந்தேன். அதைத் தூக்க வேறு ஒருவரையும் விடவில்லை.

“ஆரும் பாக்கப்படாது. அந்தக் கதையளில அவனுக்கு வெட்கம்தான் பெரிசு. முன்னால வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டால் தொடமாட்டான். தனிய விடவேணும்” என்றாள் மாக்கிறேற்.

வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் கரைக்கு வந்தோம். மரியநாயகம் தெரு, ஒழுங்கை முழுவதும் சொல்லியனுப்பியிருந்தார். எல்லாரும் வந்தார்கள். தேடல் நாட்களில் நிற்கிற மாதிரி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து வரிசையாக நின்றோம். ஆண்கள், பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள், கல்லெறிந்த கைகள், கதை கட்டின வாய்கள். பதினாறு வருசம் பிந்தி, நாலாம் நாள் தேடலுக்கு வந்தவர்களைப் போல நின்றோம்.

வெயில் ஏறியது. வடலிக்குள்ளிருந்து நாய்கள் அந்த வீட்டுப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவையும் ஓய்ந்தன. எங்களுக்குப் பின்னால் கதவு சாத்துப்பட்டது.

மத்தியான மணி அடித்தது. நான் ஒரு செபமாலை முழுதும் சொல்லி முடித்தேன். அவன் சேட்டைக் கிழித்துவிட்டு வடலிக்கே போய்விட்டால்? பக்கத்தில் நின்ற மாக்கிறேற் கண்ணை மூடியிருந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. விட்டு விலகி நிற்கவும் இல்லை.

அப்போது கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. திரும்பாதையுங்கோ என்று மரியநாயகம் மெதுவாகச் சொன்னார். மணலில் காலடி கேட்டது. நாலு இல்லை. இரண்டு கால். மெதுவாக, மாறி மாறி, ஒரு மனிதனின் நடை.

எனக்கும் மாக்கிறேற்றுக்கும் நடுவில் ஒரு நீலச் சேட்டுக் கை வந்து நின்றது. பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. அவனும் எங்களைப் போலவே கடலைப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் மாக்கிறேற் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அந்தப் பொத்தான்களைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாய்க் கழற்றிச் சரியாகப் பூட்டினாள். அவன் அசையாமல் நின்றான்.

பிறகு குனிந்து என் வலது கையை எடுத்தான். பல் பதிந்த இடத்தைப் பார்த்தான்.

“நோகுதோ, அக்கா?”

இல்லை என்று சொல்லலாம். சொல்லிப் பழகின வாய்தான். ஆனால் அந்தக் கையை அவன் விடாமல் பிடித்திருந்தான்.

“ஓம் தம்பி. நோகுது” என்றேன்.